தேரிக்காட்டில் எடுத்த படம்

மைக் கைக்கு வந்த உடனே சொல்லிவிட வேண்டும், வணக்கம் என்பதற்கு அடுத்த வார்த்தையே அதுவாகத்தான் இருக்க வேண்டும், நடுவில் நன்றி கின்றி என்று எதையாவது நுழைய விட்டால் போச்சு, நன்றி சொல்லி இனித்துப்போன வாய் அப்புறம் கசப்பானதைச் சொல்லாது என்று குளோரி மூன்றாம் வரிசையில், ஒரு கால் லேசாக ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தனக்குத்தானே பாடம் படித்துக்கொண்டிருந்தாள். மேடையில் சிறப்பு விருந்தினர் கண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மனுசன் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். கேமராவில் எந்தப் பக்கம் கண்ணை வைப்பது என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, ஐந்தே காலுக்குத் தொடங்கின பேச்சு ஐந்தே முக்கால் ஆகியும் இமையைத் தாண்டி விழிக்கு வந்து சேரவில்லை. பேசட்டும், நன்றாகப் பேசட்டும், அவர் பேசப் பேச நமக்கு நேரம் கிடைக்கும், நேரம் கிடைத்தால் தைரியம் வரும் என்றுதான் முதலில் நினைத்தாள். கிடைத்ததென்னவோ நேரம் மட்டும்தான். மண்டபத்துச் சுவர் நெடுக, போட்டிக்கு வந்து கண்காட்சியில் மாட்டின நூற்றிருபது படங்கள். நடுச்சுவரில், மற்றவற்றைப்போல இரண்டு மடங்கு பெரிதாக, ஓரத்தில் சிவப்பு ரிப்பன் குத்தி, 'முள், திருமதி குளோரி ஆசீர், முதல் பரிசு' என்று அட்டை போட்டுத் தொங்குகிறதே, அந்தப் படம் அவள் எடுத்தது இல்லை. விஷயம் அவ்வளவுதான். இன்னொருத்தர் எடுத்தது. அந்த இன்னொருத்தர் அவளுக்கு இரண்டு வரிசை முன்னால், பின்னங்கழுத்து தெரிய உட்கார்ந்திருக்கிறார். செத்தாலும் இன்றைக்குச் சொல்லிவிட்டுத்தான் சாவது என்று அவள் முடிவு கட்டி நான்கு நாள் ஆகிறது.

தேரிக்காட்டுக்குப் போனது சித்திரை மாசத்து ஞாயிற்றுக்கிழமை. காலையில் கோவிலுக்குப் போய் ஆராதனை முடித்து, மத்தியானம் சாப்பிட்ட கையோடு வேனில் ஏறினாள். பொருநை நிழற்பட வட்டத்திலிருந்து இருபது பேர், இருபது கேமரா, அவற்றில் நாலைந்து லென்ஸ் கைக்குழந்தை கனம் இருக்கும். லென்ஸ் கனத்தை வைத்துத்தான் வேனில் முன்சீட்டு. வட்டத்தின் தலைவர் பல் டாக்டர் கோமதிநாயகத்தின் லென்ஸ்தான் இருப்பதிலேயே பெரிது, அதனால் அவர் டிரைவர் பக்கத்தில். குளோரியும் கண்டக்டர் சுடலைமுத்து அண்ணாச்சியும் ஒரே கடையில் ஒரே மாசத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கின ஒரே மாதிரிச் சின்னக் கேமராக்காரர்கள், அதனால் கடைசிச் சீட்டு. தேரியில் டாக்டர் ஏற்பாடு செய்திருந்த ஆட்டுக்காரர் ஐம்பது ஆட்டோடு தயாராக நின்றார். வெயில் சாயும் நேரம், சிவந்த மணல்மேட்டிலிருந்து ஆட்டை ஓட்டிக்கொண்டு இறங்க வேண்டும், புழுதி எழும்பும், புழுதிக்குள் சூரியன் விழும், இருபது பேரும் வரிசையாக நின்று படபடவென்று தட்டுவார்கள். புழுதி போதவில்லை, இன்னொரு தடவை என்பார் டாக்டர். ஆட்டுக்காரர் மறுபடி ஆடுகளை மேலே ஏற்றுவார். பாவப்பட்ட ஜீவன்கள் எட்டுத் தடவை ஏறி இறங்கின. வருசா வருசம் இதே கூத்துதான்; ஆடு இல்லாவிட்டால் உப்பளம், உப்பளம் இல்லாவிட்டால் தலைப்பாகை கட்டின யாராவது ஒரு தாத்தாவின் சுருக்கம். அன்றைக்கு ஏழாவது இறக்கம் முடிந்த கையோடு எட்டாவதற்குப் பெரிய மகனிடம் கம்பைக் கொடுத்துவிட்டு ஆட்டுக்காரர் ஒரு பக்கமாகப் போய் உட்கார்ந்தார். ஒரு கிடாயின் முன்னங்காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, வாயில் ஊக்கைக் கவ்விக்கொண்டு, கண்ணை இடுக்கிக் குளம்புக்குள் முள்ளைத் தேடினார். கிடாய் என்னடாவென்றால் யார் காலோ எவர் முள்ளோ என்கிற மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. அதுதான் படம். அந்தக் கிடாயின் முகத்துக்காகவே ஒரு பரிசு கொடுக்கலாம், கொடுத்தும் விட்டார்கள். எல்லோரும் எட்டாவது புழுதியில் மும்முரமாக இருந்தபோது குளோரி மட்டும் திரும்பினாள். அது பொய்யில்லை. திரும்பினது அவள்தான். திரும்பினது, பார்த்தது, மணலில் ஒரு முழங்காலை ஊன்றினது, மணல் சுட்டது, மூச்சைப் பிடித்தது, விரல் அமுங்கினது, எல்லாம் அவளுக்கு நேற்று நடந்த மாதிரி ஞாபகம் இருக்கிறது. விரல் அமுங்கின சுகம்கூட இருக்கிறது. ஆனால் படம் எடுத்தது மட்டும் நடக்கவே இல்லை. ஒரு மனுசிக்கு நடக்காத காரியம் இவ்வளவு சுத்தமாக எப்படி ஞாபகம் இருக்கும் என்பதுதான் நான்கு நாளாக அவளைப் பிடுங்கித் தின்கிறது.

அசல் கேட்டார்கள், அதனால் தெரிந்தது. கேட்காமல் இருந்திருந்தால் சாகிறவரை தெரிந்திருக்காது, நிம்மதியாகச் செத்திருக்கலாம். பரிசுப் படங்களுக்கெல்லாம் கேமராவில் விழுந்த அசலைப் பார்க்க வேண்டும், யாரும் தலை ஒன்று உடல் ஒன்று ஒட்டி வைக்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும் என்று டாக்டர் குரூப்பில் செய்தி போட்டார். அவள் பீரோவிலிருந்து மெமரி கார்டு டப்பாவை எடுத்தாள். தேரி நாளுடைய கார்டைக் கம்ப்யூட்டரில் செருகிக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாள், கொடுத்துவிட்டு எடுத்து வைத்திருக்கலாம். விதி, சும்மா முன்னாலும் பின்னாலும் தள்ளிப் பார்த்தாள். ஆடு, ஆடு, புழுதி, புழுதி. முள் படத்துக்கு மூன்று படம் முன்னால் ஒரு பெண்பிள்ளை முதுகு. நீலச் சுடிதார், துப்பட்டாவை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறாள், வலது கையை நீட்டி எதையோ காட்டுகிறாள். யாருடா இது நம்ம சுடிதாரைப் போட்டுக்கொண்டு என்று அரை நிமிசம் பார்த்தாள். அப்புறம்தான் தலையில் இடி இறங்கினது. தன் முதுகைத் தானே படம் எடுக்கிற வித்தையை எந்தக் கேமராக்காரனும் இன்னும் படிக்கவில்லை. அந்தக் கார்டு அவளுடையது இல்லை. எங்கே மாறியிருக்கும் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. திரும்பி வருகிற வழியில் டீக்கடையில் நிறுத்தி, தேரி மணல் மாவு மாதிரி, எங்கே பார்த்தாலும் நுழையும், எல்லோரும் பேட்டரியையும் கார்டையும் கழற்றுங்கள் என்று டாக்டர் உத்தரவு போட்டு, ரப்பர்ப் பந்தை வைத்து ஒவ்வொரு கேமராவாக ஊதினார். எந்தத் தேரிப் பயணத்திலும் நடக்கிற சடங்கு அது. கழற்றின கார்டுகளை அவரவர் முன்னால் இருந்த எவர்சில்வர் தட்டில் வடையை நகர்த்திவிட்டு வைத்தார்கள். கடைசி பெஞ்சில் அவளுக்கும் சுடலைமுத்து அண்ணாச்சிக்கும் ஒரே தட்டு. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே கருப்பு, நகத்தகலம். பேச்சுவாக்கில் அவள் ஒன்றை எடுத்தாள், அவர் ஒன்றை எடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா என்று கேட்டால், எப்படி வரும்? பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே ஆட்டை, ஒரே புழுதியை இருபது பேரும் எடுத்திருக்கிறார்கள், யார் படத்தை யாரிடம் கொடுத்தாலும் அவரவர் படம் என்றுதான் சொல்வார்கள். வட்டத்தின் லட்சணம் அப்படி. ஆனால் அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினெட்டு வருசம் ஊசி பிடித்தவள். ஊசியை எடுப்பதற்கு முன்னால் குழாயில் பெயரை ஒட்டு, ஒட்டின பெயரை வாய்விட்டுக் கேள், அப்புறம் கையைத் தொடு என்று புதிதாக வருகிற பெண்களுக்கு அவள்தான் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுப்பாள். பதினெட்டு வருசத்தில் ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் பெயரில் போனதில்லை. அந்தக் கையே ஒரு துண்டு ஸ்டிக்கர் ஒட்டச் சோம்பல்பட்டு, வடைத் தட்டில் கார்டை மாற்றி எடுத்து வந்திருக்கிறது.

சுடலைமுத்து அண்ணாச்சியின் கழுத்தை அவள் பார்த்தாள். கருத்த கழுத்து, காக்கிச் சட்டைக் காலர் உரசி உரசி ஒரு கோடு. இன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறார், டியூட்டி மாற்றிவிட்டு வந்திருப்பார். மனுசருக்குத் தெரியுமா தெரியாதா? சாயந்திரம் உள்ளே வந்ததும் அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். மற்றவர்கள் இரண்டு நொடி பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிவிட்டுப் போன இடத்தில் அவர் நின்றார், நின்றுகொண்டே இருந்தார், குளோரி தூணுக்குப் பக்கத்தில் ஜூஸ் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அவர் தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாள். அப்புறம் நேரே இவளிடம் வந்து, பிரிண்டு நல்லா விழுந்திருக்கு தங்கச்சி, சிவப்பு சிவப்பாவே வந்திருக்கு என்று சொல்லிவிட்டு முன்வரிசைக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. முப்பது வருசம் சில்லறை இல்லை என்று சொல்லிப் பழகின முகம், அதில் எதைப் படிக்க முடியும்? அவர் தன் படத்தைத் தானே கண்டுகொள்ளவில்லையா? அவள் எடுக்காததை எடுத்ததாக நினைத்த மாதிரி, அவர் எடுத்ததை எடுக்கவில்லை என்று நினைத்திருக்கலாம் இல்லையா? அப்படி இருந்தால் சொல்வதில் யாருக்கு என்ன லாபம், தூங்குகிறவரை எழுப்பி உன் வீட்டில் களவு போச்சு என்று சொல்கிற கதை அல்லவா அது என்று மனசு மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. சாயாதே என்று அதைப் பிடித்து இழுத்தாள். நான்கு நாளில் மூன்று தடவை போன் போட்டாள். மூன்று தடவையும் பஸ் இரைச்சல், விசில், படியில நிக்காதிய உள்ள போங்க என்கிற சத்தம், சாயந்திரம் பேசுதேன் தங்கச்சி. சாயந்திரம் அவர் கூப்பிட்டபோது இவள் எடுக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும் அல்லவா, அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், எடுக்கவில்லை, போன் மேசையில் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று கிளினிக்குக்குப் போனாள். அவர் ஒருத்தர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, இவளைப் பார்த்ததும் கையிலிருந்த குறடோடு, மேடம் உங்க படம்தான் இந்த வருசம் நம்ம வட்டத்துக்கே பேர் வாங்கிக் கொடுக்கப் போகுது என்றார். வாய் திறந்திருந்த அந்த ஆள்கூட இவளைப் பார்த்துத் தலையாட்டின மாதிரி இருந்தது. வந்த வழியே திரும்பிவிட்டாள்.

பரிசு வெறும் பரிசாக இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பாள், கேடயம் வீட்டில் ஏற்கெனவே இரண்டு கிடக்கிறது, தூசி துடைக்கத்தான் ஆகிறது. பரிசோடு சுவர் வருகிறது. முதல் பரிசு வாங்கினவருக்கு அடுத்த தை மாசம் இதே மண்டபத்தில் ஒரு வாரம், அவர் படம் மட்டும், நாலு சுவரும் அவருக்கே. அந்த நாலு சுவருக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மூன்று வருசமாக அவள் கைகளைப் படம் எடுக்கிறாள். ரத்தம் கொடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தி, கையை மடக்கிக்கொண்டு பெஞ்சில் உட்காருவார்களே, அந்த மடக்கின கை. முகம் கிடையாது. கேட்டுத்தான் எடுப்பாள், வேண்டாம் என்றவர்களை எடுத்ததில்லை. பீடி சுற்றுகிறவள் கை, நெல் மில்லில் மூட்டை தூக்குகிறவர் கை, நாளைக்குக் கல்யாணம் என்று மருதாணியோடு வந்த பெண்ணின் கை, முடிவு என்ன வருமோ என்று பஞ்சை விடாமல் அரை மணி நேரம் அழுத்தின ஒரு தகப்பன் கை. இருநூற்றுப் பன்னிரண்டு கைகள். அப்படி மடக்கி உட்கார்ந்திருக்கிற நேரத்தில் எல்லோரும் ஒரே மாதிரி பயப்படுகிறார்கள், அந்தப் பயத்தைக் கை சொல்லிவிடும், முகம் மறைத்துவிடும். அதை வட்டத்தில் காட்டினபோது டாக்டர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, நல்ல முயற்சி மேடம், ஆனா பார்க்கிறவன் கண்ணு எங்கே போய் நிற்கும், முகம் வேணுமே என்றார். குரூப்பில் போட்டால் மூன்று பேர் கும்பிடுகிற கை எமோஜியைப் போட்டார்கள், கைக்குக் கை. ஒரு மீன்கொத்தி படத்துக்கு நாற்பது பேர் நெருப்பு போடுகிற இடத்தில் அது என்ன கணக்கு? அந்தக் கைகளுக்கு வேறு எவனும் சுவர் கொடுக்கப் போவதில்லை. இந்தச் சுவரை விட்டால் அவை பீரோவுக்குள்தான். இதை நினைக்கும்போதுதான் மனசு வக்கீல் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும். ஏட்டி, கண்டது யார்? திரும்பினது யார்? அண்ணாச்சி அங்கே பாருங்க என்று கை நீட்டிக் காட்டினது யார்? அந்தக் கார்டிலேயே சாட்சி இருக்கிறதே, நீட்டின கை இருக்கிறதே. நீ காட்டாவிட்டால் அவரும் எட்டாவது புழுதியைத்தான் எடுத்துக்கொண்டிருப்பார். பொத்தானை அமுக்கினதா பெரிசு, கண்டதுதானே பெரிசு, கண்டது நீ. அமுக்கின விரல் அவருடையது, கண்ணு உன்னுடையது. மேடையில் அந்தக் கல்லூரி முதல்வரும் கண்ணே பிரதானம் என்றுதானே அரை மணி நேரமாகத் தொண்டை கிழியக் கத்துகிறார். கேட்கக் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. இப்படித்தான் ஒருத்தன் அடுத்தவன் வேலியை ஒரு முழம் ஒரு முழமாக நகர்த்துவான், ஒவ்வொரு முழத்துக்கும் அவனிடம் ஒரு நியாயம் இருக்கும். கண்டாய், சரி. கேமரா உன் கையிலும்தானே இருந்தது, ஏன் எடுக்கவில்லை? அதற்கும் பதில் தெரியும். பேட்டரி தீர்ந்திருந்தது, ஏழு இறக்கத்தையும் ஒன்று விடாமல் தட்டித் தட்டித் தீர்த்திருந்தாள்.

பின்வரிசையில் ஆசீர் இருக்கிறார். திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டுவார். புருசன் குறுக்கே நின்றால்கூட ஒரு வகையில் சுலபம், மீறிவிட்டுப் போகலாம். இந்த மனுசன் கூடவே நின்று கொட்டடிக்கிறவர். பேப்பரில் வந்த துண்டுச் செய்தியை வெட்டி லேமினேட் செய்து, தான் வேலை பார்க்கிற மர அறுவை மில்லில் தொங்கவிட்டிருக்கிறார். சபையில் அறிவிப்பு வாசிக்க வைத்தார். மூன்று நாளைக்கு முன்னால் சாப்பிடும்போது அவள் மெதுவாக, ஒருவேளை அது நான் எடுத்த படமாக இல்லாமல் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். அவர் குழம்பை ஊற்றிக்கொண்டே, பரிசு வந்தா எல்லாருக்கும் இப்படித்தான் தோணும், எனக்குக் கல்யாணத்தன்னைக்கு இது என் கல்யாணந்தானான்னு தோணுச்சு என்றார். சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு ஒரு நாளைத் தின்றுவிட்டது. இப்போது அவர் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கத் தயாராக இருப்பார், சென்னையிலிருக்கிற மகளுக்கு அனுப்ப வேண்டும் அல்லவா. எடுக்கட்டும். அம்மா சொல்வதை மகளும் கேட்கட்டும். வட்டத்தில் என்ன சொல்வார்கள்? இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தாள் என்பார்கள், நான்கு நாள்தான் என்றால் யார் நம்புவார்கள்? ரத்தம் எடுக்கிறவள்தானே, அங்கே எத்தனை குழாயை மாற்றினாளோ என்று ஒருத்தர் சொன்னால் போதும். அதற்காகவே சொல்லாமல் விட்டுவிடலாம் என்றும் தோன்றியது, அதற்காகவே சொல்லித்தான் ஆக வேண்டும் என்றும் தோன்றியது. ஒரு குழாய் மாறினால் அவள் என்ன செய்வாள்? இரண்டு பேருக்கும் போன் போட்டு, தப்பு எங்களுடையது, மறுபடி வாருங்கள் என்று சொல்வாள். திட்டு வாங்குவாள். வாங்கிவிட்டு மறுபடி ஊசி எடுப்பாள். அதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது? இருக்கிறது, நாலு சுவர் இருக்கிறது. போகட்டும். கைகள் இன்னும் வரும், காலையில் ஆறரைக்குக் கதவைத் திறந்தால் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கும். முந்நூறு ஆகட்டும், ஐந்நூறு ஆகட்டும், சுவர் இல்லாவிட்டால் ரத்த நிலையத்து வராண்டாவில் கயிறு கட்டித் தொங்கவிடுகிறேன், கொடுத்தவர்களே வந்து பார்க்கட்டும் என்று நினைத்தாள். நினைத்ததும் இது நல்ல யோசனையாகவே இருக்கிறதே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மேடையில் கைதட்டல் கேட்டது. கண்ணைப் பற்றின பேச்சு முடிந்துவிட்டது, இவளுக்கு முடிந்ததுகூடத் தெரியவில்லை.

டாக்டர் கோமதிநாயகம் மைக்கைப் பிடித்து அவள் பெயரை, பின்னால் ஆசீரையும் சேர்த்து, இழுத்துச் சொன்னார். எழுந்தாள். நாற்காலி ஆடியது. நடைபாதை பதினைந்தடி இருக்கும், அதில் சுடலைமுத்து அண்ணாச்சியின் நாற்காலியைத் தாண்டும்போது அவர் கைதட்டுவதைப் பார்த்தாள், நிதானமாக, ஒரே சீராக. படி மூன்று. பொன்னாடை போட்டார்கள், சரிகை கழுத்தில் குத்தியது. கேடயத்தைச் சிறப்பு விருந்தினர் நீட்டினார், அவள் அதை வாங்கவில்லை. வாங்கினால் போச்சு, வாங்கின கை அப்புறம் திருப்பிக் கொடுக்காது. கேமராக்காரர்கள் கூட்டமாயிற்றே, கீழே இருபது பேர் மண்டியிட்டு, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க மேடம், சார் கையை விட்றாதிய என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கேடயம் அந்தரத்தில் நின்றது. விருந்தினர் கையில் அது கனப்பது தெரிந்தது. அவள் டாக்டரிடம் கையை நீட்டி மைக்கைக் கேட்டாள். ஏற்புரை கடைசியில்தான் மேடம் என்றார் அவர் காதோரமாக. இல்லை டாக்டர், முதலில்தான் என்று சொல்லிவிட்டு மைக்கை அவர் விரல்களிலிருந்து எடுத்துக்கொண்டாள். வணக்கம் என்றாள். அடுத்த வார்த்தை வந்தது.

"இந்தப் படத்த நான் எடுக்கல. சுடலைமுத்து அண்ணாச்சி எடுத்தாவ. தேரியில இருந்து வரும்போது டீக்கடையில எங்க ரெண்டு பேர் கார்டும் மாறிப்போச்சு. எனக்குத் தெரிஞ்சு நாலு நாளாச்சு, நாலு நாளும் சொல்லாம இருந்தேன். அது என் தப்பு. பரிசும் சுவரும் அவியளுக்குத்தான்."

மண்டியிட்டிருந்தவர்களில் ஒருத்தர் ஃபிளாஷ் மட்டும் ஒரு தடவை அடித்தது. டாக்டர் சிரித்த முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பல்லைத் திறக்காமல், இதை நாம அப்புறம் உட்கார்ந்து பேசிக்கலாமே மேடம், விருந்தாளி நிற்கிறாங்க என்றார். பேச வேண்டியதைப் பேசியாச்சு என்றாள் குளோரி. கடைசி வரிசையில் ஆசீர் போனை இறக்கவில்லை, தூக்கிப் பிடித்தபடியே நின்றார், அது அவளுக்கு என்னவோ ஒரு பலமாக இருந்தது. எல்லோரும் சுடலைமுத்து அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை அவர் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டாள். யாரோ தோளைத் தட்டி எழுப்பிவிட்டார்கள். மெதுவாக வந்தார், ஓடுகிற பஸ்ஸில் சீட்டுக் கிழித்து நடந்து பழகினவர், தரையை நம்பாத மாதிரிக் காலை அகட்டி வைத்துத்தான் நடப்பார். மேடைக்கு வராமல், நடுச்சுவருக்குப் போனார். படத்துக்கு முன்னால் நின்றார். குளோரி பொன்னாடையோடும் மைக்கோடும் மூன்று படி இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவர் இவளைப் பார்க்கவில்லை, படத்தின் இடது ஓரத்தைத்தான் பார்த்தார். சாயந்திரம் அவ்வளவு நேரம் நின்றபோதும் அங்கேதான் பார்த்திருப்பார் என்று அவளுக்கு அப்போது உறைத்தது.

"இடது பக்கத்துல நம்மாளுவ இருப்பாவளே, தங்கச்சி," என்றார் மெல்ல. "வரிசையா, முதுக காட்டிக்கிட்டு, அத்தன பேரும் ஆட்டயே எடுத்துக்கிட்டு. அதுக்காகத்தான நான் எடுத்தேன். அத ஏன் வெட்டுனிய?"

வெட்டலாம், ஒட்டக் கூடாது என்பது போட்டி விதி. வீட்டில் உட்கார்ந்து மவுஸை இழுத்து அந்த ஓரத்தை அவள்தான் வெட்டினாள். பதினேழு பதினெட்டு முதுகு, பேண்ட், தொப்பி, முக்காலிக் கால்கள், படத்தைக் கெடுக்கிற குப்பை என்று நினைத்து, ஆட்டுக்காரரும் கிடாயும் சிவப்பு மணலும் மட்டும் மிஞ்சுகிற மாதிரிச் சுத்தமாக வெட்டினாள். முள் எடுக்கிற மனுசருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கூட்டமே புழுதியைப் படம் பிடிக்கிறது. அவர் எடுத்தது அதை. அவள் கை நீட்டிக் காட்டினது பாதி. நான்கு நாளாகக் கண்டது நான், கண்டது நான் என்று வாதாடின அந்த வக்கீல் எங்கே போனான் என்று தேடினாள், ஆளைக் காணவில்லை.

"இது ஜெயிச்ச படம், தங்கச்சி. என் படம் இல்ல. முதுகு இல்லாம நான் பேரு போட மாட்டேன்," என்றார் சுடலைமுத்து அண்ணாச்சி. கோபமே இல்லை அந்தக் குரலில். தெரிந்தும் ஏன் அண்ணாச்சி இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தாள், கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் படத்தைத் தன்னுடையது என்று கேட்டு வாங்க அவருக்கு மனசில்லை. மேடையில் டாக்டர், விருந்தினருக்கு நேரமாகிறது, நிகழ்ச்சியைத் தொடரலாம் என்று வெறும் வாயால் கத்திக்கொண்டிருந்தார். அந்த முதுகுகளில் முதல் முதுகு அவருடையது, பெரிய லென்ஸோடு. மண்டியிட்டிருந்தவர்கள் எழுந்து, சுவரைப் பார்ப்பதா மேடையைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றார்கள். அசல் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது, வெட்டாமல், முழுசாக. ராத்திரியே அச்சுக்குக் கொடுத்தால் நாளைக் காலையில் கண்காட்சி திறக்கிறதற்குள் மாட்டிவிடலாம். மைக் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. வெட்டின முதுகுகளைப் பற்றி இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது, எல்லோரும் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு, மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.